காப்புக்காட்டின் நிர்வாகம்: தமிழ்நாடு வனத்துறையின் அமைப்பும் நோக்கங்களும்

தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பான 1,30,060 சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 23,000 சதுர கிலோமீட்டர், அதாவது ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலான நிலம், அரசுப் பதிவேடுகளில் காடு என்று குறிக்கப்பட்டு மாநில வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, மேகமலை, அகத்தியமலை எனத் தொடரும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளும், ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை என்று தனித்தனியே நிற்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளும், பிச்சாவரத்தின் அலையாத்திக் காடும், கோடியக்கரையின் பசுமைமாறாக் காடும், மன்னார் வளைகுடாவின் தீவுகளும் இதில் அடங்கும். பவானியும் மோயாறும் வைகையும் தாமிரபரணியும் இக்காடுகளிலிருந்தே நீர் பெறுகின்றன என்பதால், காட்டைக் கண்ணால் பார்த்திராத நகரவாசியின் குடிநீரும் சமவெளி உழவரின் நெற்பயிரும் இத்துறையின் பணி செம்மையாக நடப்பதைச் சார்ந்தே இருக்கின்றன. ஆனால் இத்துறை நீரையோ விலங்கையோ காப்பதற்காகத் தோன்றியதன்று. அது தோன்றியது மரத்துக்காக.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்டத் தேக்கு தேவைப்பட்டபோது, 1806இல் மலபார்ப் பகுதிக்கு வாட்சன் என்ற அதிகாரி வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். மரத்தின் மீது கம்பெனி கொண்டாடிய தனியுரிமையால் அப்பகுதி மக்களும் மர வணிகர்களும் கொதிப்படைந்ததை அறிந்த ஆளுநர் தாமஸ் மன்றோ, 1823இல் அப்பதவியையே ஒழித்தார். ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்தில் நிலைமை மாறியது. சென்னை இராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடிய 1856ஆம் ஆண்டிலேயே, மருத்துவரும் தாவரவியலாளருமான ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்றார். தண்டவாளத்துக்கு அடியில் கிடத்தும் குறுக்குக் கட்டைகளுக்கும் நீராவி எஞ்சினுக்கான விறகுக்கும் காடுகள் வேகமாக வெட்டப்பட்டுவந்த காலம் அது. வெட்டுவதை ஒழுங்குபடுத்தாவிட்டால் வெட்டுவதற்கே மரம் மிஞ்சாது என்ற கவலையே இத்துறையின் விதை எனலாம்.

1878இல் இந்திய வனச் சட்டம் இயற்றப்பட்டபோது, மக்களின் மேய்ச்சல், விறகு உரிமைகளை அது பறிக்கும் என்று கருதிய சென்னை வருவாய் வாரியம் அதனை ஏற்க மறுத்தது. நீண்ட விவாதத்துக்குப் பின், இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரியான டீட்ரிச் பிராண்டிஸின் பங்களிப்புடன் உருவான தனிச்சட்டம் 1882இல் இயற்றப்பட்டது. தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் இன்றும் செயல்படுவது அதுவே. ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்க அரசு கருதினால் முதலில் 4ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கை வெளியிட வேண்டும். பின்னர் வன நிர்ணய அலுவலர் என்ற அதிகாரி, அந்நிலத்தில் வழிப்பாதை, நீர், மேய்ச்சல், சாகுபடி ஆகிய உரிமை கோருவோரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவையெல்லாம் முடிந்த பிறகே 16ஆம் பிரிவின் கீழ் அது காப்புக்காடு என்று அறிவிக்கப்படும். அதன்பின் அனுமதியின்றி உள்ளே நுழைவதும், மரம் வெட்டுவதும், தீ மூட்டுவதும் குற்றமாகும். சட்டம் வகுத்த இந்த வரிசை நியாயமானதே. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத மலைவாழ் மக்கள் அரசிதழைப் பார்த்து உரிய காலத்துக்குள் மனுச் செய்வார்கள் என்ற எதிர்பார்ப்பின் மேல் அது கட்டப்பட்டது என்பதே அதன் பெருங்குறை.

இன்றைய துறையின் உச்சியில், சென்னைத் தலைமைச் செயலகத்தில், சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறையின் அமைச்சரும் அரசுச் செயலாளரும் கொள்கை முடிவுகளைக் கவனிக்கின்றனர். களத்தை நடத்தும் தலைமை அதிகாரி முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர். அவருக்கு இணையான நிலையில், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அதிகாரங்களைத் தாங்கித் தலைமை வன உயிரினக் காப்பாளர் செயல்படுகிறார். மயக்க ஊசி செலுத்திக் காட்டுயானை ஒன்றைப் பிடிக்க வேண்டுமென்றாலும், ஆட்கொல்லியாகிவிட்ட புலியைப் பிடிக்க வேண்டுமென்றாலும், எழுத்து வடிவில் ஆணையிட வேண்டியவர் இவரே. மாநிலம் வன மண்டலங்களாகவும், மண்டலங்கள் கோட்டங்களாகவும், கோட்டங்கள் சரகங்களாகவும், சரகங்கள் பிரிவுகளாகவும், பிரிவுகள் பீட் எனப்படும் காவல் சுற்றுகளாகவும் பகுக்கப்பட்டுள்ளன. மண்டலத்துக்கு வனப் பாதுகாவலர், கோட்டத்துக்கு மாவட்ட வன அலுவலர், சரகத்துக்கு ரேஞ்சர் என்று ஊரார் அழைக்கும் வனச்சரக அலுவலர், பிரிவுக்கு வனவர், பீட்டுக்கு வனக்காப்பாளர் என்று பொறுப்பு படிப்படியாக இறங்குகிறது. மேல்நிலையில் உள்ளோரில் பெரும்பாலோர் இந்திய வனப்பணியைச் சேர்ந்து டேராடூனில் பயிற்சி பெற்றவர்கள். உதவி வனப் பாதுகாவலர் முதலிய மாநிலப் பணியிடங்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆள் தேர்வு செய்கிறது. 1912இல் வனக்கல்லூரி தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே கோயம்புத்தூர் வனக் கல்விக்குப் பேர்பெற்ற நகரம். வனவர், வனக்காப்பாளர் பயிற்சிக்கு வைகை அணையில் ஒரு கல்லூரி இருக்கிறது.

இந்த ஏணியில் கடைசிப் படியான பீட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் மேலிருந்து வரும் ஆணைகள் யாவும் அங்கே ஒருவர் நடக்கும் நடையாகவே நிறைவேறுகின்றன. காப்புக்காட்டின் எல்லை, குறிப்பிட்ட இடைவெளிகளில் எண்ணிட்டு அடுக்கிய கற்குவியல்களால் குறிக்கப்பட்டிருக்கும். அக்குவியல்கள் இடம்பெயராமல், விளைநிலத்துக்குள் மெல்ல மெல்லக் கரைந்துவிடாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது வனக்காப்பாளரின் முதற் கடமை. புதிதாக வெட்டுண்ட அடிமரம், புதரில் கட்டிய சுருக்குக் கம்பி, நீர்நிலையோரத்தில் பதிந்த கால்தடம், வேலியில் திருட்டுத்தனமாகப் பாய்ச்சிய மின்சாரம் ஆகியவற்றைக் கண்டறிவதும், கணக்கெடுப்புக் காலத்தில் நேர்கோட்டுப் பாதைகளில் நடந்து தென்பட்ட விலங்குகளைப் பதிவு செய்வதும், தானியங்கிக் கேமராக்களைப் பொருத்திக் கழற்றுவதும், இரவில் ஊருக்குள் யானை இறங்கினால் டார்ச்சும் பட்டாசுமாக ஓடுவதும் அவரும் அவருக்குத் துணையாக இருக்கும் வனக்காவலரும் செய்ய வேண்டியவை. புலிகள் காப்பகங்களில் நடந்த தடம் செல்பேசிச் செயலியில் பதிவாகிறது. இத்தனையும் ஒருவர் நடந்து காக்கக்கூடிய பரப்புக்குள்தான் இயலும். பணியிடம் காலியாகி, ஒருவரே இரண்டு பீட்களைச் சேர்த்துப் பார்க்க நேர்ந்தால், காவல் ஏட்டில் மட்டுமே மிஞ்சும்.

துறையின் நோக்கம் எவ்வாறு திரும்பியது என்பதை ஆறு ஆண்டுகளைக் கொண்டே சொல்லிவிடலாம். 1952ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை நாட்டின் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும் என்றாலும், தொழிற்சாலைகளுக்கும் நாட்டின் தேவைக்கும் மரம் தருவதைக் காட்டின் முக்கியக் கடமையாகவே கருதியது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1976இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் காடு மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாறியது; 1980இன் வனப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசின் ஒப்புதலின்றி வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற மாநிலங்களுக்கு இருந்த உரிமையைத் தடுத்தது. 1988இன் புதிய கொள்கை, சூழலியல் சமநிலையே முதல் நோக்கம், வருவாய் அதற்குக் கீழ்ப்பட்டதே என்று தெளிவாக அறிவித்தது. இறுதியாக, நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, உடைமையாளர் யாராயினும் காட்டின் இயல்புடைய நிலம் அனைத்தும் காடே என்று விரித்துரைத்தது. தமிழ்நாட்டின் ஒரு மூலையில் எழுந்த வழக்கு நாடு முழுவதன் வன நிர்வாகத்தையும் மாற்றியமைத்தது.

நோக்கம் மாறினாலும் பழைய நோக்கத்தின் சுவடுகள் நிலத்தில் தங்கிவிட்டன. நீலகிரியின் உச்சிகளில் சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்த தொன்மையான நிலப்பரப்பைப் பயனற்ற வெற்றுநிலம் என்று கருதி, தோல் பதனிடும் பட்டைக்காகவும் தொழிற்சாலை மரக்கூழுக்காகவும் வாட்டில், தைல மரங்களை நட்டதும் இதே துறைதான்; இன்று அம்மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கப் பணம் செலவிடுவதும் இதே துறைதான். உண்ணிச்செடியும் மஞ்சள் கொன்றையும் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் மானுக்கும் காட்டெருமைக்கும் தீவனமான புல்லை அழித்துப் பரவியிருப்பது, வேட்டையைவிட மெதுவான, ஆனால் அதனினும் ஆழமான கேடு. இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தப்படி திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வாழ்வளிக்க வனநிலத்தில் 1968இல் தொடங்கப்பட்ட தேயிலைத் திட்டம், பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்து இத்துறையின் நிழலிலேயே இயங்குகிறது. அதன் கதை தனிக் கட்டுரைக்குரியது.

வன உயிரினங்களைக் காப்பதில் துறை சாதித்திருப்பது மதிக்கத்தக்கது. களக்காடு முண்டந்துறை, முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை என ஐந்து புலிகள் காப்பகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கள இயக்குநர் ஒருவர் பொறுப்பு வகிக்க, மனிதத் தலையீடு கூடாத மையப் பகுதி, மக்களும் விலங்குகளும் சேர்ந்து வாழும் வெளிமண்டலப் பகுதி என்று நிலம் பிரிக்கப்பட்டிருக்கிறது. இவற்றுள் சத்தியமங்கலம், கடத்தல்காரர் வீரப்பன் காலத்தில் சந்தனமும் தந்தமும் கொள்ளைபோன காடு. 2004இல் அவர் கொல்லப்பட்டு பத்தாண்டுகூட ஆவதற்கு முன்பே, 2013இல், 1,400 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட புலிகள் காப்பகமாக அது அறிவிக்கப்பட்டது, காவல் சரியாக அமைந்தால் காடு தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும் என்பதற்கு நல்ல சான்று. 2022இல் பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கும், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் தேவாங்குக்கும் காப்பிடங்கள் அறிவிக்கப்பட்டதும், மாநில விலங்கான வரையாட்டுக்குத் தனித்திட்டம் வகுக்கப்பட்டதும், புலி, யானை தாண்டிய உயிர்கள் பக்கம் பார்வை திரும்பியிருப்பதைக் காட்டுகின்றன. கோவை மாவட்டம் மதுக்கரைப் பகுதியில் யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்துவந்த தண்டவாளத்தையொட்டி, செயற்கை நுண்ணறிவுடன் இயங்கும் கேமராக்கள் 2024இல் நிறுவப்பட்டு, யானை நெருங்குவதை ரயில்வேக்கு முன்கூட்டியே தெரிவிக்கின்றன.

மக்களுடனான உறவில்தான் துறையின் வரலாறு கறை படிந்தது. 1992 ஜூனில், தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி என்ற மலையடிவாரப் பழங்குடிக் கிராமத்தில், சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சென்ற வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் ஊரைச் சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் விசாரணைக் காலத்தில் இறந்தோர் நீங்கலாக எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பாயிற்று. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. காட்டைக் காக்கும் அதிகாரம் காட்டில் வாழ்வோர்மீது தடையற்ற அதிகாரமாகிவிட்டால் எது நடக்கும் என்பதை இத்துறையில் சேரும் ஒவ்வொருவருக்கும் பயிற்சியிலேயே சொல்லித்தர வேண்டும். 2006இன் வன உரிமைச் சட்டம் இதற்கான திருத்தமாகவே வந்தது: 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து உழுதுவரும் நிலத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை பழங்குடியினருக்கு உரிமையும், தேன், நெல்லி, கடுக்காய் போன்ற சிறுவனப் பொருள்களின் மீது உடைமையும் அது அளிக்கிறது. உரிமை கோருவோரைப் பற்றிய விசாரணையை கிராம சபையே தொடங்குகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு முடிவு செய்கிறது. வனத்துறை அக்குழுவில் ஓர் உறுப்பினர் மட்டுமே. நூற்றாண்டுக்கும் மேலாகத் தனியாட்சி செய்த ஒரு துறை இதனை ஏற்றுப் பழகக் காலம் எடுத்திருக்கிறது என்பது உண்மை.

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கப்பட்டு, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவதை இலக்காகக் கொண்டுள்ளது. இங்கே ஒரு தெளிவு தேவை. இந்திய வன நில அளவை நிறுவனம் 2021 அறிக்கையில் தமிழ்நாட்டுக்குக் காட்டிய 26,419 சதுர கிலோமீட்டர் வனப்பரப்பு, ஒரு ஹெக்டேரும் அதற்கு மேலும் பரந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் கிளை மூடாக்கு உள்ள நிலம் அனைத்தையும், தோப்பா, தோட்டமா, இயற்கைக் காடா என்று பாராமல் எண்ணுகிறது. ஆகவே விழுக்காடு உயர்வதாலேயே காடு வளர்ந்துவிட்டதாகாது. உழவர் நிலங்களிலும் சாலையோரங்களிலும் மரம் நடுவது மிக நன்று, ஆனால் அழிந்த ஒரு சோலைக்கு அது ஈடாகாது. துறையின் வெற்றியை நட்ட கன்றுகளின் எண்ணிக்கையால் அளக்காமல், மீண்ட புல்வெளியாலும், வற்றாத ஓடையாலும், பரவாமல் நின்ற தீயாலும் அளப்பதே பொருந்தும்.

தீ என்றதும் தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது நினைவுக்கு வரும். அதன்பிறகு மலையேற்றம் விதிமுறைகளுக்குள் கொண்டுவரப்பட்டது. செயற்கைக்கோள் கண்டறியும் தீப்புள்ளிகள் சில மணி நேரத்துக்குள் சரக அலுவலரின் செல்பேசிக்கு வருகின்றன. ஆனால் கோடைக்கு முன் மலைச்சரிவில் சருகைக் கூட்டித் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும், புகை தெரிந்த மேட்டுக்கு ஏறிப் பச்சைத் தழையால் தீயை அடித்து அணைப்பதும் இன்றும் மனிதக் கைகளே. அக்கைகளில் மிகப் பல, வேட்டைத் தடுப்புக் காவலர்கள் எனப்படும் தொகுப்பூதியப் பணியாளர்களுடையவை. இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், மலசர், காடர், காணி ஆகிய பழங்குடிகளைச் சேர்ந்த இவர்கள், நடுக்காட்டில் அகழி சூழ்ந்த முகாம்களில் அரிசியும் பருப்பும் சுமந்து சென்று நாள்கணக்கில் தங்கி, வாசனையாலும் ஒலியாலும் யானையின் இருப்பை அறிந்து, பட்டம் பெற்ற அதிகாரிகளுக்கே வழிகாட்டுகிறார்கள். நீண்ட பணிக்குப் பின் சிலர் வனக்காவலர்களாக நிலைப்படுத்தப்பட்டனர், பலர் காத்திருக்கிறார்கள். காலமுறை ஊதியமும் காப்பீடும் ஓய்வூதியமும் முதலில் சேர வேண்டியது இவர்களுக்கே. அரசு இதனை அடுத்த நிதிநிலை அறிக்கை வரை ஒத்திப்போடாமல் செய்ய வேண்டும்.