பட்டா நிலத்துக்கு நோட்டீஸ் வரும்... தண்ணீருக்கு? எண்ணெய்க் குழாயை எதிர்த்து நின்ற மக்கள்!

மாடம்பாக்கம் ஏரிக்குள் இருக்கும் கிணறுகளிலிருந்து சுற்றுவட்டாரத்துக்குக் குடிநீர் போகிறது. ஏரி யாருடையது என்று கேட்டால், அரசுடையது என்பார்கள். ஆனால், தண்ணீர் கெட்டுப்போனால் முதலில் தவிக்கப்போவது, ஏரியில் ஒரு சென்ட் பட்டாகூட இல்லாத மக்கள்தான். பட்டா இல்லாதவர்களுக்குத் தண்ணீர்மீது என்ன உரிமை? எண்ணெய்க் குழாய்களை எதிர்த்து நாகூரிலும் அமெரிக்காவிலும் நடந்த போராட்டங்கள் கேட்டதும் இதைத்தான்.

'அடைக்க வேண்டாம், அகற்றுங்கள்!'

2023 மார்ச் 2, இரவு. நாகூர் பட்டினச்சேரி கடற்கரையில் சி.பி.சி.எல் நிறுவனத்தின் குழாய் உடைந்து, கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. மீனவர்கள் படகுகளைக் கரையில் நிறுத்திவிட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள். உடைப்பைச் சரிசெய்யும் வேலையில் நிறுவனம் இறங்கியது. ஊர் மக்கள் கேட்டதோ வேறு. 'குழாயே இங்கே இருக்கக் கூடாது' என்றார்கள். கடைசியில், குழாயை அகற்ற நிறுவனம் ஒப்புக்கொண்டது.

மீனவர்களின் பயம் எளிமையானது. எண்ணெய் மிதந்த கடலில் பிடித்த மீன் என்று தெரிந்தால், வாங்க ஆள் வராது. உடைப்பை ஒரு வாரத்தில் அடைத்துவிடலாம். போன நம்பிக்கையை அப்படி மீட்க முடியாது.

சட்டம் யாரைக் கேட்கிறது?

குழாய் பதிக்க, 1962-ம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டம் இருக்கிறது. இதன்படி நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். அடியில் குழாய் போகும் உரிமையை மட்டும் அரசு எடுத்துக்கொள்ளும். அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. உரிமை எடுத்ததற்கான இழப்பீடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவிகிதம். அறிவிப்பு வந்த 21 நாள்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம்.

கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்ட விவசாயிகள், கெயில் எரிவாயுக் குழாயை இப்படித்தான் எதிர்த்தார்கள். விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகும்படி 2013-ல் தமிழக அரசும் சொன்னது. ஆனால், உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலும் தமிழக அரசு தோற்றது.

கையில் பட்டா இருந்தவர்களுக்கே இந்த நிலை. கடலுக்கும் கழிமுகத்துக்கும் யார் பெயரில் பட்டா இருக்கிறது?

எண்ணூரைப் பாருங்கள். அங்கே நடந்தது குழாய் உடைப்பு அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலி சி.பி.சி.எல் ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த நீர் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்துக்கு வந்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்கள் 2,301-க்குத் தலா 12,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது அரசு. சேதமான 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். ஆனால், இங்கே தண்ணீரில் இறங்கி, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பழங்குடிகளும் இருக்கிறார்கள். படகே இல்லாதவருக்கு நஷ்டக் கணக்கை எதை வைத்துப் போடுவது?

அமெரிக்காவிலும் அதே கதை

2016-ல் அமெரிக்காவின் ஸ்டாண்டிங் ராக் சியூ பழங்குடிகள், டகோட்டா ஆக்சஸ் எண்ணெய்க் குழாயை எதிர்த்து மாதக்கணக்கில் முகாமிட்டார்கள். சுமார் 1,900 கி.மீ நீளக் குழாய் அது. அவர்களின் குடியிருப்பு எல்லைக்குள் அது போகவில்லை. எல்லையை ஒட்டி, அவர்கள் தண்ணீர் எடுக்கும் ஓஹே ஏரிக்கு அடியில் போகிறது. பிஸ்மார்க் நகரத்துக்கு மேலே கொண்டுபோகும் யோசனை முதலில் இருந்து, பிறகு கைவிடப்பட்டது. 'நகரத்துக்கு ஆபத்து என்றால், எங்களுக்கு இல்லையா?' என்பதுதான் பழங்குடிகளின் கேள்வி. ஒபாமா அரசு 2016 டிசம்பரில் அனுமதி மறுத்தது. அடுத்து வந்த ட்ரம்ப் அரசு அனுமதித்தது. 2017 ஜூனில் எண்ணெய் ஓடத் தொடங்கியது.

கேட்டால் என்ன ஆகும்?

நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்டலாமா என்பதை அங்குள்ள கிராம சபைகளிடமே கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2013-ல் கூடிய 12 கிராம சபைகளும் 'வேண்டாம்' என்றன. மலை தப்பித்தது. அதற்கு உதவியது, 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்.

காட்டை நம்பி வாழ்பவரைக் கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. கடலையும் கழிமுகத்தையும் நம்பி வாழ்பவரைக் குழாய் பதிக்கும் முன்பே கேட்டிருந்தால், பட்டினச்சேரி மக்கள் எண்ணெய் கொட்டிய பிறகு போராடியிருக்க வேண்டியதில்லை.