காலை டிபனுக்கு வராவிட்டால் கதவைத் தட்டுவார்கள்! - 'சீனியர் லிவிங்' வீடுகளில் ஒரு நாள்

'முதியோர் இல்லம்' என்றதுமே நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். பிள்ளைகள் கைவிட்டவர்கள் போய்ச் சேரும் இடம் என்கிற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆனால், கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர், துடியலூர் பக்கம் போனால் வேறொரு காட்சியைப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், அரசு அதிகாரிகள் எனப் பலர், இருந்த வீட்டை விற்றோ, வாடகைக்கு விட்டோ, இங்குள்ள 'சீனியர் லிவிங்' குடியிருப்புகளுக்குக் குடிவந்திருக்கிறார்கள். தனி வீடு, தனிச் சாவி. சமையல், சுத்தம், காவல், அவசர உதவி ஆகியவை மட்டும் பொது. இதுதான் ஏற்பாடு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 சதவிகிதம். தமிழகத்தில் அது 10.4 சதவிகிதம். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, 'அம்மாவை யார் பார்த்துக்கொள்வது?' என்ற கேள்வி பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அதற்கான பதில்களில் ஒன்றுதான் இந்தக் குடியிருப்புகள்.

சரி, இங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? 75 வயதைத் தாண்டிய, கணவரை இழந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இங்கே தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

காபி மட்டும் என் கையால்!

ஐம்பது வருடம் அடுப்படியில் நின்றவருக்கு, 'இனி சமைக்க வேண்டாம்' என்பது பெரிய விடுதலை. முதல் சில வாரங்களுக்கு! பிறகு கை பரபரக்கும். அதனால்தான் பல வீடுகளில் சின்னதாக ஒரு சமையல் மேடை இருக்கிறது. முந்தைய இரவே ஃபில்டரில் டிகாக்‌ஷன் போட்டு வைத்து, விடிந்ததும் தன் கையால் கலந்து குடிக்கும் அந்தக் காபி, 'இது என் வீடு' என்று சொல்லிக்கொள்ளும் வழி.

பிறகு குளியல். இந்த வயதில் வீட்டிலேயே ஆபத்தான இடம் பாத்ரூம்தான். உலக அளவில், கீழே விழுந்து உயிரிழப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவேதான் வழுக்காத தரை, சுவரில் பிடிமானக் கம்பி, படியில்லாத வாசல், கட்டில் அருகிலும் பாத்ரூமிலும் அவசர மணி என்று முதியவர்களை மனதில் வைத்தே இந்த வீடுகளைக் கட்டுகிறார்கள்.

காலி நாற்காலி சொல்லும் சேதி

காலை டிபன், மதியச் சாப்பாடு, இரவு உணவு எல்லாம் பொது டைனிங் ஹாலில். 'நேற்றைய சாம்பாரில் உப்பே இல்லை' என்ற புகார் இல்லாத நாள் அபூர்வம். ரத்த அழுத்தக்காரருக்கு உப்பு குறைய வேண்டும், சர்க்கரைக்காரருக்கு அரிசி குறைய வேண்டும், மற்றவருக்கு வத்தக்குழம்பு காரசாரமாக வேண்டும். எல்லோரையும் திருப்திப்படுத்தும் சமையற்காரர் இன்னும் பிறக்கவில்லை.

ஆனால், இந்த டைனிங் ஹாலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. யார் எந்த மேஜையில் உட்காருவார்கள் என்பது சில வாரங்களில் தானாகவே முடிவாகிவிடும். எட்டரை மணிக்கு வருபவர் ஒன்பது மணியாகியும் வரவில்லை என்றால், பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்ப்பார். போன் போகும். எடுக்கவில்லை என்றால் ஊழியர் போய்க் கதவைத் தட்டுவார்.

நகரத்து அடுக்குமாடியில் தனியாக இருக்கும் ஒருவர் பாத்ரூமில் விழுந்தால், மறுநாள் பணிப்பெண் வரும் வரைகூட யாருக்கும் தெரியாமல் போகலாம். விழுந்த அடியைவிட, எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பதே சில நேரம் உயிருக்கு ஆபத்தாகிவிடும். உடலில் நீர்ச்சத்து குறையும், தசைகள் சிதையும், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். கிளப் ஹவுஸ், கோயில், யோகா வகுப்பு எல்லாம் விளம்பரத்தில் வரும். ஆனால், 'ஒருவரைக் காணோம்' என்பதை உடனே கவனிக்க ஆள் இருப்பதுதான் இந்த வாழ்க்கை தரும் உண்மையான பாதுகாப்பு.

மாலை நடை, இரவு வீடியோ கால்

பகல் பொழுது நியூஸ்பேப்பர், மதியத் தூக்கம், மருந்து, டிவி என்று ஓடிவிடும். மாலையில் நடைப்பயிற்சி, பஜனை, கேரம். நவம்பர் மாதம் வந்தால் கிளப் ஹவுஸில் தனி பரபரப்பு. மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று தர வேண்டிய மாதம் அது. 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். இப்போது செல்போனில் முகத்தைக் காட்டியே சான்று பெறும் வசதி இருப்பதால், போன் தெரிந்தவர் தெரியாதவருக்குச் செய்து கொடுக்கிறார்.

இரவு 8 மணிக்கு அமெரிக்காவிலிருந்து மகன் வீடியோ காலில் வருவார். கோடைக்காலத்தில், கலிஃபோர்னியாவில் அப்போது காலை 7.30. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பத்து நிமிடப் பேச்சு. 'நல்லா இருக்கேன்பா' என்று சொல்லிவிட்டு வைத்த பிறகான அமைதியை எந்த வசதியும் நிரப்பாது. சில நாள்களில், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரை ஆம்புலன்ஸ் அழைத்துப் போயிருக்கும். மறுநாள் அந்த நாற்காலியில் யாரும் உட்காரத் தயங்குவார்கள். இங்கே வருபவர்கள் இதற்கும் சேர்த்தே மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேட்க மறக்கும் கேள்வி

பெரும்பாலும் வீடு பார்க்க வரும்போது அப்பாவும் அம்மாவும் நன்றாக நடந்துகொண்டிருப்பார்கள். தோட்டத்தைப் பார்ப்பார்கள், மலையைப் பார்ப்பார்கள், சாப்பாட்டை ருசி பார்ப்பார்கள். 'நான் டைனிங் ஹாலுக்கு நடந்து வர முடியாத நாளில் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்வியைக் கேட்க மறந்துவிடுவார்கள்.

பல குடியிருப்புகள், தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிறவர்களுக்கானவை. படுக்கையில் விழுந்தாலோ, மறதி நோய் வந்தாலோ, சொந்தச் செலவில் ஹோம் நர்ஸ் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கலாம். அல்லது, அதற்கென உள்ள வேறு இடத்துக்கு மாற வேண்டியிருக்கலாம். மத்திய வீட்டு வசதி அமைச்சகம் 2019-ல் இத்தகைய குடியிருப்புகளுக்கான மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. என்றாலும், உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லப்போவது நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம்தான்.

கையெழுத்துப் போடும் முன்...

* வீடு சொந்தமா, குத்தகையா, திருப்பித் தரும் டெபாசிட்டா? வெளியேறினால் எவ்வளவு பணம், எத்தனை நாளில் திரும்ப வரும்?

* மாதப் பராமரிப்புக் கட்டணத்தை யார், எப்போது உயர்த்தலாம்? அதற்கு உச்சவரம்பு உண்டா? பென்ஷன் அதே வேகத்தில் உயராது.

* தம்பதியில் ஒருவர் மறைந்தால், மற்றவர் அதே வீட்டில் தொடரலாமா? சிறிய வீட்டுக்கு மாறலாமா?

* இரவில் மணி அடித்தால் வருவது யார்? நர்ஸா, செக்யூரிட்டியா? அருகிலுள்ள மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம்?

* விருந்தினர் அறை இருந்தால், ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். அங்கே இருப்பவர்களிடம் தனியாகப் பேசுங்கள்.

இன்னொன்று. இந்த வாழ்க்கைக்கான பணம் பெரும்பாலும் சொந்த வீட்டிலிருந்துதான் வரும். அதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு வழி இருக்காது. அப்படிக் கொடுப்பதென்றால், 'கடைசி வரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவது நல்லது. அந்த நிபந்தனை மீறப்பட்டால், 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவின்கீழ் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

அப்பா, அம்மாவுக்கு இடம் தேடும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குப் பிடித்த இடத்துக்கு அவர்களை அனுப்பாதீர்கள். நான்கு இடங்களை அவர்களையே நேரில் பார்க்கச் சொல்லுங்கள். 'வேண்டாம்' என்றால் காரணத்தைக் கேளுங்கள். உடம்பும் நினைவும் நன்றாக இருக்கும்போது அவர்களே எடுத்த முடிவு என்றால், அங்கே போய்ச் சேரும் நாள் அவர்களுக்குக் குடிபுகும் நாளாக இருக்கும். இல்லையென்றால், அது கொண்டுபோய் விடப்பட்ட நாளாகத்தான் இருக்கும்.