பெட்டி ஓய்ந்த நாளில்...



உங்கள் இல்லத்துக் கணினி நாளைக் காலையில் விழிக்க மறுத்தால் என்ன செய்வீர்கள்? "முக்கியமானவற்றையெல்லாம் பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறோம், அச்சமில்லை" என்பீர்களாயின், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது ஷஃபான் மாதம். ஆண்டுத் தேர்வுக்கு ஆறு நாட்களே இருந்தன. மதரஸா அலுவலகக் கணினியின் ஹார்ட் டிஸ்க் இருமுறை 'டிக், டிக்' என்று ஒலித்துவிட்டு ஓய்ந்துபோயிற்று. பத்தாண்டுக் கால மாணவர் பதிவேடு, மதிப்பெண்கள், நன்கொடை வரவு, அநாதைப் பிள்ளைகளின் உதவித்தொகைக் கணக்கு யாவும் அதற்குள் இருந்தன. நான் பதறவில்லை. வியாழன்தோறும் அஸருக்குப் பின் கோப்புகளை நகலெடுத்து வைப்பது என் வழக்கம். புதிய டிஸ்க் வாங்கி மாட்டி, விண்டோஸை நிறுவி, பென்டிரைவைச் செருகிப் பதிவேட்டைத் திறந்தேன். திரையில் தோன்றியது தமிழன்று. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடும் கலந்த கிறுக்கல்!

காரணம் எளிது. தமிழ்க் கணினி உலகில் ஒரு காலத்தில் எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை நிலவியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் என்னும் பொது முறைகள் வகுக்கப்பட்டன. பின்னர் 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. எங்கள் பழைய கோப்புகளோ இவற்றிற்கெல்லாம் அடங்காத ஏதோ ஓர் எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அந்த எழுத்துரு, இறந்துபோன டிஸ்க்கோடு போய்விட்டது. மாற்றித் தரும் செயலிகள் உண்டு என்றாலும், எங்களுடையது எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாட்கள் கழிந்தன. கணக்கு மென்பொருளின் குறுந்தகடு எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியவில்லை. மீண்டும் எல்லாம் ஒழுங்குக்கு வர ஒன்பது நாட்கள் ஆயின. அம்மாத உதவித்தொகை தாமதமாயிற்று. ரமலானை எதிர்நோக்கியிருந்த ஒரு தாயார் இருமுறை வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். அதை நினைக்கையில் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. கோப்புகளின் நகல் என்பது அரிசியும் இறைச்சியும் போன்றது. அடுப்பும் சட்டியும் அதில் இல்லை. வலீமா நாளன்று சமையற்கட்டே இடிந்து விழுந்தால் மூட்டை அரிசியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நமக்குத் தேவை, விண்டோஸ், மென்பொருள், எழுத்துரு, கோப்பு அனைத்தும் அப்படியே அடங்கிய, செருகியவுடன் கணினியை எழுப்பக்கூடிய முழு நகல். இதனைத் துறையினர் 'பூட்டபிள் பேக்கப்' என்பர்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நாட்களில், திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தியை ஆசிரியர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அதைத் திறந்தபோது பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது என்பது அந்த வரலாறு. ஏடு அழிந்ததைவிட, திறக்கும் வரை அழிவு எவருக்கும் தெரியவில்லை என்பதே என்னை உறுத்தியது. நகல் எடுத்துவிட்டுச் சோதித்துப் பாராதவரும் பூட்டிய அறையைத்தான் நம்பியிருக்கிறார்.

சரி, எப்படி எடுப்பது? தைவானில் உருவான 'குளோன்ஸில்லா' என்ற மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கணினியை அதன்வழி எழுப்பி, உள் டிஸ்க்கை வெளி டிஸ்க்குக்கு முழுமையாகப் படியெடுக்கலாம். வெளி டிஸ்க்கின் கொள்ளளவு உள் டிஸ்க்குக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருத்தல் வேண்டும். அதில் முன்பிருந்த யாவும் அழிந்துபோகும். இங்கேதான் கவனம் தேவை, சகோதரர்களே! எது மூலம், எது நகல் என்று தெரிவு செய்கையில் இடம் மாறிவிட்டால், வெற்று டிஸ்க்கை உங்கள் வாழ்நாள் உழைப்பின்மீது நீங்களே படியெடுத்தவர் ஆவீர்கள். டிஸ்க்கின் பெயரையும் அளவையும் தாளில் குறித்து வைத்துக்கொண்டு, அருகில் இன்னொருவரையும் இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள். பணி முடிந்ததும் கணினியை நிறுத்தி, வெளி டிஸ்க்கைக் கழற்றிய பின்னரே மீண்டும் இயக்குங்கள். ஒரே அடையாள எண்ணுள்ள இரண்டு டிஸ்க்குகளைக் கண்டால் விண்டோஸ் குழம்பும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ், யு.எஸ்.பி. வழியாக எழுவதற்குப் பெரும்பாலும் இணங்குவதில்லை. அதற்கென மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த 'விண்டோஸ் டு கோ' வசதியும் 2020-இல் நீக்கப்பட்டது. ஆகவே நாங்கள் கண்ட வழி இது: சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி, யு.எஸ்.பி. உறைக்குள் இட்டு நகலெடுக்கிறோம். பெட்டிக்குள் இருப்பது பழுதானால், உறையிலிருந்து எடுத்து உள்ளே மாட்டிவிட வேண்டியதுதான். திருகாணி கழற்றி மாட்டக் கால் மணி நேரம் ஆகலாம். ஒருமுறை மெய்யாகவே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்போருக்கு இத்தொல்லை குறைவு. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸைக் கண்ட பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருப்பர். அத்தகைய அமைப்பின் நகல் பெரும்பாலும் வெளியிலிருந்தே எழுந்துவிடும். ஆப்பிள் கணினி வைத்திருப்போர், 2020-க்குப் பின் வந்த அமைப்புகளில் முழு நகலை எழுப்புவது கடினமாகிவிட்டதை அறிந்திருத்தல் நலம். அவர்களுக்கு 'டைம் மெஷின்' வசதியே போதும்.

நகலை எங்கே வைப்பது? கணினி மேசையின் இழுப்பறையில் என்றால், கடலூர்க்காரர்களாகிய நாம் எதையும் கற்கவில்லை என்று பொருள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல், 2015-இல் வெள்ளம். வீட்டுக்குள் நீர் புகுந்தால் மூலமும் நகலும் ஒன்றாகவே நனையும். எனவே இரண்டு எஸ்.எஸ்.டி. வைத்திருக்கிறோம். ஒன்று கடலூரில் இருக்கும். மற்றொன்று சிதம்பரத்தில் ஒரு நண்பரின் பீரோவில். மாதத்தின் முதல் சனியன்று புதிய நகலைப் பையில் வைத்துப் பேருந்தில் எடுத்துச் சென்று, பழையதை வாங்கி வருகிறேன். நண்பரின் இல்லத்தார் தேநீர் தராமல் அனுப்புவதில்லை என்பது கூடுதல் லாபம்!

ஒன்றைச் சொல்ல மறந்தேன். புதிய கணினிகளில் 'பிட்லாக்கர்' என்னும் பூட்டு உங்களுக்குத் தெரியாமலேயே போடப்பட்டிருக்கலாம். அதன் மீட்பு எண் 48 இலக்கங்கள் கொண்டது. அது இல்லாவிடில் நகல் கையிலிருந்தும் திறவாது. அந்த எண்ணைக் கணினிக்குள் சேமிக்காதீர்கள். தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். நகலெடுத்த தேதியை டிஸ்க்கின் மேல் ஒட்டுங்கள். எங்கள் உறையின்மேல் ஹிஜ்ரித் தேதியும் ஆங்கிலத் தேதியும் இரண்டுமே இருக்கின்றன. ஷஃபான் பிறப்பதற்கு முன் ஒருமுறை, வியாழன் அஸருக்குப் பின், அதைப் பெட்டிக்குள் மாட்டி எழுப்பிப் பார்க்கிறோம்.