ஒரு வெள்ளி வைத்தியம் தர்மமல்ல

வார்டில் கூப்பிட்ட குரலுக்கு யாரும் வரவில்லை, நனைந்த விரிப்பைப் பொழுது விடியும்வரை மாற்றவில்லை, மருந்து என்னவென்று கேட்டதற்கு எரிந்து விழுந்தார்கள். ஈப்போ புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் நாலு பேர் கூடும் துக்க வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. எழுத்தில் ஏறி மருத்துவமனை இயக்குநரின் மேசைக்குப் போவது அபூர்வம். ஏன் என்று கேட்டால், ஒரு வெள்ளி கட்டிவிட்டு நாம் என்ன பேசுவது என்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் பரிவு தேய்வதற்குத் தாதியரின் குணத்தைவிட இந்த மௌனத்துக்கும், அதை வசதியாக எடுத்துக்கொள்ளும் நிர்வாகத்துக்கும் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

வெளிநோயாளிப் பிரிவில் 1 ரிங்கிட், நிபுணர் மருத்துவரிடம் 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 ரிங்கிட். குடிமக்களுக்கான இந்தக் கட்டணத்தை யாரும் நம்மீது இரக்கப்பட்டு வைக்கவில்லை. மீதிச் செலவு வரிப்பணத்திலிருந்து வருகிறது. வருமான வரி கட்டாதவரும் வாங்குகிற சாமானிலும் பெறுகிற சேவையிலும் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். இது தெரிந்தும் நமக்கு உறைக்காததற்குத் தோட்ட வாழ்க்கை விட்டுச்சென்ற பழக்கம் ஒரு காரணம். தோட்டத்து ஆஸ்பத்திரியும், அதில் வைத்தியம் பார்த்த டிரஸ்ஸரும், பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையும் துரை பார்த்துக் கொடுத்தவை என்றே அங்கே பலர் நம்பினார்கள். உண்மையில், தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தருவது சட்டம் முதலாளிமீது சுமத்திய கடமை; தோட்ட டிரஸ்ஸர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் தனிச் சட்டம் வந்தது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் தாமான்கள் எழுந்தன. டிரஸ்ஸர் போய்விட்டார். தயவு என்ற நினைப்பு மட்டும் நம்மோடு டவுனுக்கு வந்துவிட்டது.

அந்தக் காலத்து மிஸ்ஸிகள் (தாதியர்) தங்கமானவர்கள், இன்றையவர்கள் கைப்பேசியே கதியென்று இருக்கிறார்கள் என்று சொல்வோரும் உண்டு. பேராக்கில் இப்படிப் பேசுவோருக்கு சிபில் கார்த்திகேசு நினைவுக்கு வருவது இயல்பு. ஜப்பானியர் ஆட்சியில் பாப்பானில் மருத்துவரான கணவரோடு நோயாளிகளைக் கவனித்து, எதிர்ப்புப் படையினருக்கு ரகசியமாகச் சிகிச்சை அளித்து, ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெத்தாயின் சித்திரவதையைத் தாங்கி, ஜார்ஜ் பதக்கம் பெற்று, 1948இல் மறைந்த தாதி அவர். அவரைப் போற்றலாம், அவரை வேலைக்கான தகுதியாக வைக்க முடியாது. வீராங்கனை ஒருவர் அமைந்தால்தான் நோயாளிக்குத் தண்ணீர் கிடைக்கும் என்றால் அந்த மருத்துவமனையின் ஏற்பாட்டில்தான் கோளாறு.

பரிவு எங்கே தொலைகிறது என்பதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 9 ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளையும், அறுவைச் சிகிச்சை பெற்ற 4 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் எடுத்துக்கொண்ட ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு தாதியின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதை அது காட்டியது. இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையில் நடந்தது இன்னும் அழுத்தமான பாடம். அழுக்கு விரிப்பில் விடப்பட்டவர்கள், கைக்கு எட்டாத தூரத்தில் தண்ணீர் வைக்கப்பட்டவர்கள் என்று அங்கே வெளிவந்த செய்திகள் நம் வார்டுப் புலம்பல்களை அப்படியே ஒத்திருந்தன. 2013இல் வந்த ராபர்ட் ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கை முதன்மையாகக் கைகாட்டியது நிர்வாகக் குழுவை: நிதி இலக்கின் பின்னால் ஓடியது, ஆள் குறைவைக் கண்டும் காணாமல் இருந்தது, நோயாளிகளின் குரலுக்குக் காது கொடுக்கவில்லை. அந்த விசாரணையே இறந்தவர்களின் உறவினர்கள் ஒன்றுகூடி விடாமல் கேட்டதால் வந்தது.

நம் நாட்டிலும் கதை வேறல்ல. அனுபவமுள்ள தாதியர் சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் போய்க்கொண்டிருக்க, எஞ்சியிருப்போரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 ஆக்கும் முடிவு 2024இல் வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அது தள்ளிவைக்கப்பட்டது. இவ்வளவு பாரம் சுமப்பவர்மீது புகார் வேறு எழுத வேண்டுமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஆள் பற்றாக்குறை எல்லாவற்றையும் விளக்கிவிடாது. எரிந்து விழுவதால் ஒரு நிமிடமும் மிச்சமாவதில்லை. வேட்டி விலகிக் கிடக்கும் முதியவருக்குத் திரையை இழுத்துவிட ஒரு நொடி போதும். அத்துடன், ஒழுங்காக எழுதப்பட்ட புகார் தாதிக்கு எதிரி அல்ல. எந்தத் தேதி, எந்த வார்டு, எந்த ஷிப்ட், அப்போது எத்தனை தாதியர் இருந்தனர், கூப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வந்தனர் என்று எழுதினால், கூடுதல் ஆள் கேட்கும் தலைமைத் தாதியின் கையில் அதுவே ஆதாரம். சும்மா திட்டி எழுதிய முகநூல் பதிவால் அப்படி ஒரு பயனும் இல்லை.

புகார் செய்தால் கட்டிலில் கிடப்பவரைப் பழிவாங்குவார்களோ என்ற பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. அவசரமான குறையை அன்றே வார்டு சிஸ்டரிடம் தணிவாகச் சொல்லலாம்; எழுத்துப் புகாரை, வேண்டுமானால், நோயாளி வீடு திரும்பிய பின் கொடுக்கலாம். முதலில் மருத்துவமனையின் பொதுத் தொடர்புப் பிரிவுக்கும் இயக்குநருக்கும், பிறகு ஈப்போவிலுள்ள மாநிலச் சுகாதார இலாகாவுக்கும் போகலாம். சுகாதார அமைச்சின் ‘சிஸ்பா’ இணையப் புகார் முறையில் பதிந்தால் குறிப்பு எண் கிடைக்கும், அதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் பதில் இல்லையென்றால் பிரதமர் துறையின் கீழுள்ள பொதுப் புகார் பிரிவு இருக்கிறது. அடித்தது, அவமானப்படுத்தியது போன்ற தனிப்பட்ட நடத்தைக் கேடு என்றால், 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின் கீழ் இயங்கும் மலேசியத் தாதியர் வாரியத்துக்கே எழுதலாம். மலாய் சரளமாக வராத பாட்டிக்கு, சிகிச்சை ஒப்புதல் பாரத்தில் கைநாட்டு வாங்குமுன் ஆபத்துகளைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பதும் முறையே. சிகிச்சையின் முக்கிய ஆபத்துகளை நோயாளிக்குச் சொல்வது மருத்துவரின் கடமை என்று ஃபூ ஃபியோ நா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. புரியாத மொழியில் சொல்வது சொன்னதாகாது.

சட்டம் அரசு மருத்துவமனை நோயாளிக்குச் சற்றுப் பாதகமானது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நோயாளியின் குறைகேட்க முறையான ஏற்பாடு வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் மருத்துவமனைகளுக்கானது. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அரசைக் கட்டுப்படுத்தாது. கவனக்குறைவால் உயிரோ உறுப்போ போனால், தனியார்மீது வழக்குப் போட பொதுவாக 6 ஆண்டு அவகாசம் உண்டு. அரசு மருத்துவமனை என்றால் 1948ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம்தான். புகாருக்குப் பதில் வரட்டும் என்று காத்திருப்பதால் அந்தக் கெடு நின்றுவிடாது. ஆகவே மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பிப்பதும் வழக்கறிஞரைப் பார்ப்பதும் புகார் எழுதும் அதே நாள்களில் நடந்தாக வேண்டும்.