நைற்றிங்கேல் தாதியர் பயிற்சிப் பாடசாலையின் தொடக்க காலம்

தாதித் தொழிலின் வரலாறு பெரும்பாலும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் என்னும் தனியொருவரின் வரலாறாகவே கூறப்பட்டு வருகின்றது. விளக்கேந்திய மாதின் உருவம் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்திருப்பது இதற்கொரு காரணமாகும். ஆயின், அவர் பெயரால் 1860ஆம் ஆண்டில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் நிறுவப்பட்ட பயிற்சிப் பாடசாலையின் தொடக்க காலத்தை நுணுகி நோக்குவோமாயின், தியாகத்தின் கதைக்குப் பின்னே உழைப்பின் கதையொன்றும் உண்டென்பது புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் வைத்தியசாலைகளிற் பணிபுரிந்த தாதியர் பெரும்பாலும் வறிய குடும்பப் பெண்களேயாவர். நோயாளரைப் பராமரிப்பதோடு தரை கழுவுதல், துணி வெளுத்தல் ஆகிய வேலைகளும் அவர்களைச் சார்ந்தன. டிக்கின்ஸ் 1843–44இல் வெளியிட்ட நாவலொன்றிற் படைத்த சேரா காம்ப் என்னும் குடிகாரத் தாதி, இத்தொழிலினர் அனைவருக்கும் உரிய அடையாளமாகப் பின்னர் கொள்ளப்பட்டாள். அப்பாத்திரம் வீடுகளுக்குச் சென்று கூலிக்குப் பணிபுரிந்த தாதியே என்பதும், குறைந்த கூலியும் நீண்ட வேலைநேரமும் அத்தகையோரை உருவாக்கின என்பதும் மறக்கப்பட்டன.

கிரிமியப் போரின்போது 1854இல் 38 பெண்களுடன் ஸ்கூற்றாரிக்குச் சென்ற நைற்றிங்கேலின் பணியைப் பாராட்டி, 1855 நவம்பரில் நிதியமொன்று தொடங்கப்பட்டது. படைவீரர் பலர் தம் ஒருநாட் சம்பளத்தை வழங்கினர். ஏறத்தாழ 44,000 பவுண் சேர்ந்தது. இந்நிதியைக் கொண்டு தாதியரைப் பயிற்றுவதென முடிவாயிற்று. சென் தோமஸ் வைத்தியசாலையின் மேற்றனாகிய சேரா வார்ட்றோப்பர் அதற்கு இசைந்தார். அதே வைத்தியசாலையின் மூத்த சத்திரசிகிச்சை வைத்தியரான ஜோன் சவுத்தோ, தாதியரின் நிலை வீட்டுப் பணிப்பெண்ணின் நிலையை ஒத்ததே, அவர்களுக்குத் தனிப்பயிற்சி வேண்டியதில்லை என்று 1857இலேயே எழுதியிருந்தார். பயிற்சி பெற்ற பெண்ணொருத்தி உருவாவது வைத்தியர் அனைவருக்கும் உவப்பாயிருக்கவில்லை என்பதை இஃது உணர்த்துகின்றது.

முதல் ஆண்டிற் சேர்க்கப்பட்ட பயிலுநர் பதினைவர். பயிற்சிக் காலம் ஓராண்டு. உணவு, உறைவிடம், சீருடை என்பவற்றோடு ஆண்டுக்குப் பத்துப் பவுண் வழங்கப்பட்டது. பயிலுநர் ஒவ்வொருவரின் நேரந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, தூய்மை ஆகிய குணங்கள் மாதந்தோறும் பதிவு செய்யப்பட்டன. புண்ணுக்குக் கட்டுப்போடுதல், நோயாளரைக் கவனித்தறிதல் முதலிய தொழிற்றிறன்கள் அப்பதிவின் மறுபகுதியில் இடம்பெற்றன. தொழிற் கல்வி தொடங்கிய இடத்திலேயே ஒழுக்கக் கண்காணிப்பும் தொடங்கியமை கவனிக்கற்பாலது.

இனி, பாடசாலையின் அடிப்படை முரண்பாட்டை நோக்குவோம். பயிலுநர் மாணவியராயினும், நோயாளர் விடுதிகளில் உதவித் தாதியராகவே நாள் முழுதும் உழைத்தனர். அவர்களுக்கான செலவை நிதியம் ஏற்க, உழைப்பை வைத்தியசாலை பெற்றது. பயிற்சி முடிந்த பின்னரும் நிதியம் அனுப்பும் இடத்திற் குறித்த ஆண்டுகள் பணியாற்ற அவர்கள் கடப்பாடுடையோராயிருந்தனர். விரிவுரைகளோ ஒழுங்காக நிகழவில்லை. அவற்றுக்குப் பொறுப்பாயிருந்த வைத்திய அலுவலர் தம் கடமையிற் பெரிதும் தவறினார். நோயுற்றிருந்த நைற்றிங்கேல் பாடசாலையை ஒருபோதும் நேரில் நடத்தியவரல்லர். 1870களின் தொடக்கத்திலேயே இக்குறைகளை அவர் முழுமையாக அறிந்து திருத்த முற்பட்டார். 1986இல் மொனிக்கா பேலி வெளியிட்ட ஆய்வு, இக்குறைகளை மூல ஆவணங்களைக் கொண்டு விரிவாக வெளிப்படுத்தியது.

வர்க்க வேறுபாடும் பாடசாலையுள் இடம்பெற்றது. பத்துப் பவுண் பெற்றுக் கற்ற பெண்களோடு, தம் செலவைத் தாமே ஏற்ற உயர்குடிப் பெண்களும் சேர்க்கப்பட்டனர். முன்னையோர் நோயாளரின் படுக்கையருகே பணிபுரியவும், பின்னையோர் வைத்தியசாலைகளின் மேற்பார்வையாளராகவும் உருவாக்கப்பட்டனர். ஒரே சீருடையின்கீழ் இருவேறு எதிர்காலங்கள் அமைந்தன எனலாம்.

இவ்வாறு கூறுவதனால் பாடசாலையின் சாதனையை நாம் குறைத்து மதிப்பிடுவதாகாது. அது மதச்சபை எதனையுஞ் சாராது தாதியரைப் பயிற்றியது. ஆண் வைத்தியரின் ஆட்சிக்குள் அடங்காது, பெண்ணொருத்தியின் தலைமையில் தாதியர் இயங்கும் முறையை நிலைநாட்டியது. இங்கு பயின்ற அக்னெஸ் ஜோன்ஸ் 1865இல் லிவர்பூல் வறியோர் தொழிலில்லத்தின் நோயாளர் பகுதியைப் பொறுப்பேற்று, 1868இற் காய்ச்சலுக்கு இரையானார். அவ்வாண்டிலேயே லூசி ஒஸ்பேர்ன் ஐந்து தாதியருடன் சிட்னி சென்றார். திருமணமோ வீட்டுவேலையோ அன்றி வேறு வழியறியாத பெண்கள் பலருக்கு மதிப்பார்ந்த தொழிலொன்று வாய்த்தது.

எனினும், தொடக்கத்தில் விழுந்த முடிச்சு எளிதில் அவிழவில்லை. தாதியருக்கு அரச பதிவு வேண்டுமென்ற கோரிக்கை 1880களில் எழுந்தபோது, குணநலனைத் தேர்வினால் அளக்கவியலாது என்று கருதி நைற்றிங்கேல் அதனை எதிர்த்தார். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 1919இலேயே பிரித்தானியாவில் அதற்கான சட்டம் நிறைவேறியது. கற்பவர் மாணவியா, மலிந்த உழைப்பாளியா என்ற வினாவோ அச்சட்டத்தோடும் முடியவில்லை. தாதியைத் தெய்வமாகப் போற்றும் சமுதாயம், அவளது வேலைநேரத்தையும் ஊதியத்தையும் பற்றிப் பேசுங்கால் மௌனமாகிவிடுதல் எளிது. அம்மௌனத்தின் வரலாற்று வேர்களை அறிதல், தாதியரின் உரிமைகளை மதிப்பதற்கு முதற்படியாகும் என்பதே எமது கருத்து.