மூன்று கூப்பன், ஒரு வகுத்தல்

‘ஊசி மூலம் போதைமருந்து எடுப்பவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. என்று செய்தி வருகிறதே, அவர்களுடைய பட்டியல் யாரிடம் இருக்கிறது? பட்டியலே இல்லாமல் சதவீதம் எப்படி வரும்?’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி.

வழக்கமான கணக்கெடுப்பு வீட்டுக் கதவைத் தட்டித்தான் தொடங்கும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புக்காக 707 மாவட்டங்களில் 6,36,699 குடும்பங்களைச் சந்தித்தார்கள். அத்தனை கதவுகளைத் தட்டினாலும் இந்த மனிதர்களைப் பார்க்க முடியாது. சிலருக்கு வீடே இல்லை. வீடு இருப்பவரும், பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்க, ‘நான் ஊசி போட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்வாரா? சிகிச்சை மையத்துக்கு வருபவர்களை மட்டும் எண்ணினால், வராதவர்கள் விடுபட்டுப்போவார்கள். கவலையெல்லாம் அந்த வராதவர்களைப் பற்றித்தான்.

ஒருவரைப் பிடித்து, அவருக்குத் தெரிந்தவரிடம் போவது பழைய வழி. 1961இல் புள்ளியியலாளர் லியோ குட்மன் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். 1997இல் அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதார்ன் அதில் ஒரு திருத்தம் செய்தார். வரலாறு இவ்வளவு போதும். அந்தத் திருத்தத்தில்தான் அழகு இருக்கிறது.

மணிப்பூரிலும் நாகாலாந்திலும் 2005க்குப் பின் நடந்த கணக்கெடுப்புகளில் இந்த முறையைக் கையாண்டார்கள். முறை இதுதான்: வாடகைக்கு ஓர் அறை. முதலில் சிலரை மட்டும் ஆய்வாளர்களே தேர்ந்தெடுப்பார்கள். அவர்களுக்கு ‘விதைகள்’ என்று பெயர். ஒவ்வொருவரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பார். பெயர் கேட்க மாட்டார்கள். குறியீட்டு எண் மட்டும். கிளம்பும்போது கையில் ஒரு சிறு தொகையும் பொதுவாக மூன்று கூப்பன்களும் தருவார்கள். தன்னைப் போன்ற மூன்று பேருக்கு அவற்றை அவர் கொடுக்கலாம். கூப்பனோடு ஒருவர் வந்தால், அனுப்பியவருக்கு இன்னொரு சிறு தொகை உண்டு. ஆய்வாளர் யாரையும் தேடிப் போவதில்லை. நம்பிக்கையானவர் கொடுத்த சீட்டோடு அவர்களே வருகிறார்கள்.

கேள்விகளில் ஒன்று மிக முக்கியம்: ‘ஊசிப் பழக்கம் உள்ளவர்களில், நீங்கள் அறிந்த, உங்களையும் அறிந்த ஆட்கள் எத்தனை பேர்?’

ஏன் இந்தக் கேள்வி? ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போய், எதிர்ப்படும் ஒருவரிடம் பேச்சுக் கொடுங்கள். அவர் ஊரில் எல்லா விசேஷத்துக்கும் போகிறவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். சொந்தபந்தம் அதிகமுள்ளவருக்குப் பத்திரிகையும் அதிகம் வரும். கூப்பனும் அப்படித்தான். முப்பது பேரைத் தெரிந்தவரிடம் அது போய்ச் சேரும் வாய்ப்பு, மூன்று பேரை மட்டும் தெரிந்தவரைப் போலப் பத்து மடங்கு. எனவே ஹெக்கதார்னின் வழியில் வந்த கணக்கு, ஒவ்வொருவர் பதிலையும் அவருடைய பழக்கவட்டத்தின் எண்ணிக்கையால் வகுக்கிறது. முதலாமவரின் பதிலுக்கு முப்பதில் ஒரு பங்கு எடை. இரண்டாமவரின் பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு.

பேச்சுக்கு ஒரு கணக்கு. நூறு பேர் வருகிறார்கள். முப்பது பேரைத் தெரிந்தவர்கள் 60 பேர். அவர்களில் 30 பேருக்குத் தொற்று. மூன்று பேரைத் தெரிந்தவர்கள் 40 பேர். அவர்களில் 4 பேருக்குத் தொற்று. நேராகக் கூட்டினால் 34 சதவீதம். வகுத்து எடை போட்டால் 15 சதவீதத்துக்குச் சற்று மேல். அதே ரத்தம், அதே பதில்கள். ஒரேயொரு வகுத்தலில் விடை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

கல்யாண உவமை இன்னும் கொஞ்ச தூரம் வரும். யார் யாரை அனுப்பினார் என்பதை மொய் நோட்டுபோல் கூப்பன் எண்களைக் கொண்டு குறித்து வைக்கிறார்கள். சங்கிலி நீளமாகப் போகப் போக, அதைத் தொடங்கிவைத்தவர் யார் என்பதன் தாக்கம் குறையும். இந்த முறை நம்பியிருப்பது இதைத்தான்.

சிக்கலையும் அதே கல்யாணம்தான் காட்டுகிறது. கூப்பனைக் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கோ கொடுப்பதாகக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. நாமோ முதல் பத்திரிகையைத் தாய்மாமன் வீட்டில்தான் வைப்போம். சண்டையில் ஒதுங்கிப்போன பங்காளிக்குப் பத்திரிகையே போகாது. கொள்வினை கொடுப்பினை இல்லாத இரண்டு ஊர்களுக்கு இடையே சங்கிலி தாண்டாது. ‘எத்தனை பேரைத் தெரியும்’ என்று கேட்டால் பத்து, இருபது, ஐம்பது என்று தோராயமான எண்தான் வாயில் வரும். அந்த எண்ணால்தான் வகுக்கிறோம்.

கடினமான சோதனை உகாண்டாவில் நடந்தது. ஒரு கிராமப்புறத்தில் 2,402 குடும்பத் தலைவர்களின் வயது, மதம், எச்.ஐ.வி. நிலை முதலிய விவரங்கள் ஆய்வாளர்களிடம் ஏற்கெனவே இருந்தன. அதே மக்களிடையே கூப்பன் முறையை நடத்திப் பார்த்தார்கள். 927 பேர் வந்தார்கள். 2012இல் முடிவு வெளியானது. வந்தவர்கள் பெருமளவுக்கு மொத்த மக்களைப் போலவே இருந்தார்கள். ஆனால் இளைஞர்களும் வசதி கூடியவர்களும் குறைவாக வந்திருந்தார்கள். அந்தக் குறையை வகுத்தல் கணக்கு சரிசெய்யவில்லை. 95 சதவீதம் நம்பகமானவை என்று சொல்லும் பிழை வரம்புகளில், உண்மை எண் அடங்கியிருந்தது 50 முதல் 74 சதவீதத்தில்தான். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2010இல், ஷரத் கோயல், மேத்யூ சால்கனிக் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த முறையின் பிழை, எண்ணியதைவிட மிகப் பெரியதாக இருக்கலாம் என்று எச்சரித்திருந்தார்கள்.

அதற்காக இந்த முறையை ஒதுக்கிவிட முடியாது. ஒரு மாவட்டத்துக்கு எத்தனை சுத்தமான ஊசிகள், எவ்வளவு மருந்து என்று முடிவுசெய்ய ஓர் எண் வேண்டும். எண்ணே இல்லாத இடத்துக்கு மருந்தும் போகாது. கூப்பனோடு வந்து கை நீட்டி ரத்தம் கொடுத்தவர், அதுவரை எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர். அவரை அரசின் கண்ணுக்குக் கொண்டுவந்தது இந்தக் காகிதத் துண்டு. ஆனால், ‘கணிதம் எல்லாப் பிழையையும் நீக்கிவிட்டது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வாசகிக்கு என் பதில்: பட்டியல் யாரிடமும் இல்லை. அதனால் இப்படிப்பட்ட சதவீதத்தைச் செய்தியில் பார்க்கும்போது மூன்று விவரங்களைத் தேடுங்கள். எத்தனை பேரைச் சந்தித்தார்கள், எப்படிக் கண்டடைந்தார்கள், பிழை வரம்பு எவ்வளவு. மூன்றும் இல்லாத சதவீதத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.