திருட்டு சைக்கிளா? பதிவேடு சொல்லாமல் விடுவது

இம்மாதக் கடைசியில் லண்டன் பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் தொடங்குகின்றன. அதற்குள் பழைய ‘பிராம்ப்டன்’ மடக்கு சைக்கிள் ஒன்றை வாங்கிவிடத் துடிக்கும் மாணவர்களும் இங்கிருந்து பணம் அனுப்பும் பெற்றோரும் எழுதும் கடிதங்களில் ஒரே கேள்வி: “பைக்ரெஜிஸ்டரில் பிரேம் எண்ணைப் போட்டுப் பார்த்தாயிற்று. திருட்டு என்று காட்டவில்லை. பணம் கொடுக்கலாமா?”

அதை மட்டும் நம்பிக் கொடுக்க வேண்டாம்.

பைக்ரெஜிஸ்டர் தன்னை தேசியப் பதிவேடு என்று சொல்லிக்கொள்கிறது. போலீஸாரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதை நடத்துவது தனியார் நிறுவனம். சைக்கிளைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் கிடையாது. ஒரு வண்டி அங்கே ‘திருட்டு’ என்று ஏற வேண்டுமானால், பறிகொடுத்தவர் பிரேம் எண்ணை முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். திருட்டைத் தெரிவிக்க வேண்டும். எண்ணும் பிழையில்லாமல் ஏற வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது. ராத்திரி தூக்கிய வண்டியைக் காலையிலேயே விற்பவனுக்கு அந்த இடைவெளி போதும். ‘திருட்டு’ என்று காட்டினால் விலகிவிடுங்கள். காட்டாவிட்டால், அந்த எண்ணில் புகார் எதுவும் ஏறவில்லை என்று மட்டுமே அர்த்தம். நற்சான்றிதழ் என்று அதை எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

மடக்கு சைக்கிளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிராம்ப்டனின் உடல் ஒரே துண்டு அல்ல. முதன்மைச் சட்டம் (பிரேம்), பின்சட்டம், ஃபோர்க், ஹேண்டில்பார் தண்டு என்று நான்கு பாகங்கள். எதையும் கழற்றி மாற்றலாம். எண் பொறித்த தகடு பொதுவாக முதன்மைச் சட்டத்தின் பின்புறம் இருக்கும். அந்த எண் மற்ற மூன்று பாகங்களுக்குச் சாட்சி சொல்லாது. நிறம் மாறியிருப்பதை வைத்தும் முடிவுகட்ட முடியாது; கம்பெனியே இரட்டை நிறத்தில் விற்றிருக்கிறது. தகட்டைச் சுற்றிப் பசைத் தடமோ, நெம்பிய கீறலோ, அந்த இடத்தில் மட்டும் புது பெயின்டோ தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தகடே இல்லையென்றால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

விஷயம் தெரியாமல் வாங்கிவிட்டால்? இங்கிலாந்தில் ஒரு பழைய விதி இருந்தது. திறந்த சந்தையில், பகல் வேளையில், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்குத் திருட்டுப் பொருளும் சொந்தமாகிவிடும். 1995 ஜனவரியில் அது ஒழிந்தது. இப்போது உண்மையான உரிமையாளர் வந்து கேட்டால் பொதுவாகக் கொடுத்துவிட வேண்டியதுதான். உங்கள் பணத்தை விற்றவரிடம்தான் கேட்க முடியும். அவர் யார், எங்கே இருக்கிறார் என்பது தெரியாவிட்டால் பணம் போனது போனதுதான்.

மற்ற கேள்விகள்:

பில் தொலைந்துவிட்டது என்கிறாரே? கடையிலிருந்து வந்த மின்னஞ்சலைக் கேளுங்கள். அதில் எண் இருந்தால் ஒப்பிடுங்கள்.

ரயில் நிலைய வாசலில் சந்திக்கலாமா? வேண்டாம், அவர் வீட்டில் பாருங்கள்.

ரொக்கமாகக் கேட்டால்? வங்கி வழியாக மட்டுமே கொடுங்கள்.

பாதி விலைக்குக் கிடைக்கிறதே? ஏன் என்று விசாரிக்காமல் தொடாதீர்கள்.

திருட்டு என்று தெரிந்தே வாங்கினால்? 1968-ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டப்படி குற்றம். அதிகபட்சம் 14 ஆண்டு சிறை.

வாங்கிய பிறகு? அன்றைக்கே எண்ணை உங்கள் பெயரில் பதிந்துவிடுங்கள். நாளை உங்கள் வண்டி பறிபோனால், அதை வாங்க வருபவருக்குப் பதிவேடு உண்மையைச் சொல்ல அதுதான் வழி.